ஃபெனர்: இடம் விடாத தலைமை

தங்கக் கொம்பு என்று பெயர் வாங்கிய கடற்கழி இஸ்தான்புல்லின் பழைய நகரை வடக்குப் பக்கமாகத் தழுவிக்கொண்டு உள்ளே போகிறது. அதன் கரையோடு மேற்கே நடந்தேன். மசாலாக் கடைகளின் நெரிசல் தீர்ந்ததும் பழைய கடல் மதிலின் மிச்சங்கள் ஆங்காங்கே தலைகாட்டின. சில இடங்களில் மதிலின் மேலேயே வீடு கட்டியிருக்கிறார்கள், சில இடங்களில் மதிலைக் குடைந்து பட்டறை வைத்திருக்கிறார்கள். 1204இல் சிலுவைப்போர் வீரர்கள் கப்பல்களில் வந்து நகருக்குள் புகுந்தது இந்தப் பக்கத்து மதில் வழியாகத்தான். கிறிஸ்தவர்களின் மிகப் பெரிய நகரத்தைக் கிறிஸ்தவர்களே சூறையாடினார்கள். அன்று எடுத்துப் போனதில் ஒரு பகுதி 800 ஆண்டுகள் கழித்து நான் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத் திரும்பி வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஃபெனர் என்ற பேட்டை நெருங்கும்போதே குன்றின் மேல் செங்கல் நிறத்தில் கோட்டைபோல ஒரு கட்டடம் எழுந்து நிற்கிறது. உச்சியில் குவிமாடம், அடுக்கடுக்காக ஜன்னல்கள். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளின் தலைமையகம் அதுதான் என்று நினைத்துப் பலரும் படமெடுக்கிறார்கள். அது பள்ளிக்கூடம். தலைமையகம் கீழே, கரையிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளி, உயரமான மதிலுக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே போலீஸ் கூண்டு. பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். ரோமில் வத்திக்கானைப் பார்த்தவர்கள் இங்கே வந்தால் திகைத்துப் போவார்கள். உலகெங்கும் 20 கோடிக்கும் அதிகமான ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் மதிப்பில் முதலிடம் கொடுக்கும் ஆயரின் இருப்பிடம் ஒரு சிறு முற்றத்தைச் சுற்றி அடங்கிவிடுகிறது. 'கான்ஸ்டான்டிநோபிளின், புதிய ரோமின் பேராயர், அனைத்துலக முதுபெரும் தந்தை' என்பது அவருடைய பட்டம். அந்தப் பட்டத்தில் உள்ள நகரத்தின் பெயரைக்கூட இன்றைய நிலப்படத்தில் காண முடியாது.

படியேறினால் எதிரே நடுவாசல். அது அடைத்துக் கிடக்கிறது. எல்லோரும் பக்க வாசல் வழியாகத்தான் போகிறார்கள், முதுபெரும் தந்தை உட்பட.

1821இல் கிரேக்கர்கள் உதுமானியப் பேரரசுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். அப்போது முதுபெரும் தந்தையாக இருந்தவர் ஐந்தாம் கிரெகோரி. பேரரசில் வாழ்ந்த எல்லா ஆர்த்தடாக்ஸ் மக்களுக்கும் சுல்தானிடம் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு அவர் தலையில் இருந்தது. கிளர்ச்சிக்காரர்களைச் சபை நீக்கம் செய்து அவர் கடிதமும் வெளியிட்டார். அது அவரைக் காப்பாற்றவில்லை. அந்த ஏப்ரலில், ஈஸ்டர் ஞாயிறன்று, வழிபாட்டை முடித்தவரைப் பதவி நீக்கி இதே வாசலில் தூக்கிலிட்டார்கள். மூன்று நாள் உடல் தொங்கியது. பிறகு தெருவில் இழுத்துப் போய்க் கழியில் எறிந்தார்கள். ஒரு கப்பல்காரர் உடலை மீட்டு ஒடேசாவுக்குக் கொண்டுபோனார். அரை நூற்றாண்டு கழித்து, 1871இல், அது ஏதென்ஸ் போய்ச் சேர்ந்து அங்குள்ள பேராலயத்தில் இருக்கிறது. வாசல் அன்று மூடியதுதான்.

இதை வெறும் துக்கச் சின்னமாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. கிரெகோரி எந்தப் பக்கம் நின்றார் என்பதில் இன்றும் வழக்கு உண்டு. விடுதலைக்காகப் போராடியவர்களைச் சபித்தவர் அவர், அந்த விடுதலைக்காகவே செத்தவர் என்று போற்றப்படுபவரும் அவர்தான். ஓர் அரசின் நிழலில் மக்களைக் காக்க நினைத்த மதத் தலைவர் எவ்வளவு தூரம் வளையலாம்? வளைந்தும் பயனில்லாமல் போனால் அவரை என்னவென்று சொல்வது? நூலகங்களில் படித்தபோது இது எனக்கு எளிதான கேள்வியாக இருந்தது. அந்தக் கதவின் முன்னால் நின்றபோது அவரைக் குறை சொல்ல நாக்கு எழவில்லை.

முற்றத்தில் ஒரு பக்கம் புனித ஜார்ஜ் ஆலயம், எதிரே அலுவலகமும் இல்லமும் சேர்ந்த மாளிகை. மாளிகை பழைய உதுமானிய வீடுகளின் பாணியில், மரப்பலகை போர்த்த முகப்போடு இருக்கிறது. பார்த்தால் நூற்றைம்பது வயது சொல்லலாம். உண்மையில் அது 1989இல் கட்டி முடித்த கட்டடம். முன்பிருந்த மாளிகை 1941இல் தீக்கிரையானது. திரும்பக் கட்ட அனுமதி கேட்டார்கள். கிடைக்கவில்லை. மறுபடி கேட்டார்கள். 1987இல்தான் அனுமதி வந்தது, 46 ஆண்டுகளுக்குப் பிறகு. கிரேக்கத் தொழிலதிபர் ஒருவர் செலவை ஏற்க, எரிந்துபோன சாயலிலேயே எழுப்பினார்கள். அந்த இடைக்காலத்தில் போப்பாண்டவர்கள் வந்து போயிருக்கிறார்கள். 1967இல் ஆறாம் பவுல், 1979இல் இரண்டாம் யோவான் பவுல். வீடு இழந்த குடும்பம் மிஞ்சிய அறைகளில் விருந்தாளியை உபசரித்திருக்கிறது.

அந்த ஆறாம் பவுலும் இங்கே முதுபெரும் தந்தையாக இருந்த அதெனகோராசும் 1964இல் எருசலேமில் சந்தித்துத் தழுவிக்கொண்டார்கள். 1054இல் போப்பின் தூதர் ஹாகியா சோஃபியாவின் பலிபீடத்தில் சபை நீக்க ஆணையை வைத்துவிட்டுப் போக, இங்கிருந்தவர்கள் பதிலுக்குச் சபித்தார்கள். அந்த இரண்டு சாபங்களையும் 1965 டிசம்பர் 7 அன்று ரோமிலும் இங்கேயும் ஒரே நேரத்தில் விலக்கினார்கள். பிளவு தீரவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் புனித அந்திரேயாவின் திருநாளான நவம்பர் 30 அன்று ரோமிலிருந்து ஒரு குழு இந்த முற்றத்துக்கு வருகிறது. ஜூன் 29 அன்று, பேதுரு பவுல் திருநாளுக்கு, இங்கிருந்து ரோமுக்குப் போகிறார்கள்.

ஆலயத்துக்குக் குவிமாடம் கிடையாது. ஹாகியா சோஃபியாவின் மாபெரும் குவிமாடத்தை உலகுக்குக் கொடுத்த மரபின் தலைமை ஆலயம் சாதாரண ஓட்டுக்கூரையோடு நிற்கிறது. உதுமானியர் காலத்தின் பெரும்பகுதியில் கிறிஸ்தவ ஆலயங்கள் குவிமாடம் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. 1720இல் புதுப்பித்து, தீப்பிடித்து, 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் திருத்தி எடுத்த கட்டடம் இது. வெளியே அடக்கம் காட்டியவர்கள் உள்ளே கையை வீசிவிட்டார்கள். பீடத்தை மறைத்து எழும் படிமச் சுவர் முழுக்கச் செதுக்கிய மரம், அதன் மேல் தங்கப் பூச்சு. கொடியும் பறவையும் பழக்கொத்துமாக ஒரு விரல் இடம்கூட விடாமல் இழைத்திருக்கிறார்கள். மேலே ஜன்னல் வெளிச்சம் விழும் இடம் மட்டும் பளீரென்று எரிகிறது. மற்ற இடமெல்லாம் பழைய பித்தளைபோல மங்கியிருக்கிறது.

வாயிலருகே மணல் நிரப்பிய தட்டுகளில் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். தேன்மெழுகில் செய்த ஒல்லியான பழுப்புத் திரிகள். கிரேக்கத்திலிருந்து ஒரு பேருந்து யாத்ரீகர்கள் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் வீட்டிலிருக்கும் ஆளுக்கு ஒன்று, செத்துப்போன ஆளுக்கு ஒன்று என்று கை நிறையத் திரி வாங்கி ஊன்றினார்கள். தட்டில் இடம் போதவில்லை. கறுப்பு அங்கி போட்ட ஒரு மூதாட்டி பாதி எரிந்தவற்றைப் பிடுங்கி அணைத்துத் தகர வாளியில் போட்டுக்கொண்டே இருந்தார். பிடுங்கும் முன் ஒவ்வொரு தடவையும் சிலுவை இட்டுக்கொண்டார். அவசரத்திலும் அதை அவர் தவறவிடவில்லை.

முதுபெரும் தந்தையின் இருக்கை வலப்புறம் உயர்ந்து நிற்கிறது. மரத்தில் தந்தம் பதித்தது. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த பொன்வாய் யோவானின் இருக்கை என்று நெடுங்காலம் நம்பினார்கள். அது 16ஆம் நூற்றாண்டு வேலை என்பது பிறகு தெரியவந்தது. இருக்கை யாருடையதோ, அந்த யோவானே இப்போது இங்கே இருக்கிறார். 1204 சூறையாடலில் அவருடைய திருப்பண்டங்களையும் இறையியலாளர் கிரெகோரியின் திருப்பண்டங்களையும் மேற்கே கொண்டுபோனதாக இங்கே சொல்கிறார்கள். 2004 நவம்பரில் இரண்டாம் யோவான் பவுல் அவற்றைத் திருப்பிக் கொடுத்தார். பேழைகளின் முன்னால் யாத்ரீகர்கள் நெற்றி படக் குனிந்து முத்தமிட்டு நகர்ந்தார்கள். ஒரு சபை இன்னொரு சபையிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது எத்தனை அரிதானது! மன்னிப்புக் கேட்டு அறிக்கை விடுவது எளிது, பேழையைத் தூக்கிக் கையில் கொடுப்பது வேறு.

இன்னொரு பேழையில் புனித யூஃபேமியா. எதிர்க்கரையில், ஆசியப் பக்கம் இருக்கும் கடிகோய்தான் பழைய கால்செதோன். 451இல் அங்கே இந்தப் பெண்ணின் கல்லறை ஆலயத்தில்தான் பெருஞ்சங்கம் கூடியது. கிறிஸ்துவின் இறைத்தன்மை, மனிதத்தன்மை பற்றிய இரு தரப்பு அறிக்கைகளையும் அவளுடைய கல்லறையில் வைத்து மூடினார்கள் என்றும், சில நாள் கழித்துத் திறந்தபோது ஒன்று அவள் வலக்கையிலும் மற்றது காலடியிலும் இருந்தன என்றும் ஒரு கதை உண்டு. சங்கத்தின் முடிவை ஏற்காதவர்கள் தனியே போனார்கள். எகிப்து, சிரியா, ஆர்மீனியா, எத்தியோப்பியா என்று நீளும் அந்த மரபில் வந்தவைதான் கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய சபைகள். ஆர்த்தடாக்ஸ் என்ற பெயரைப் பார்த்துக் கோட்டயத்துத் தேவலோகம் அரமனையும் ஃபெனரும் ஒரே வீடு என்று நம்மில் பலர் நினைப்பதுண்டு. 1,500 ஆண்டுகளுக்கு முன்பே பாகம் பிரிந்துபோன வீடுகள் அவை. சண்டை போட்ட கொள்கையின் நுணுக்கம் இன்று இரு பக்கத்து விசுவாசிகளுக்கும் விளங்காது. ஆனால் அந்தப் பிரிவினையின் சாட்சி இதோ ஒரு பேழைக்குள் கிடக்கிறாள்.

மாலை வழிபாடு தொடங்கும் முன்பே யாத்ரீகர்கள் பேருந்துக்குத் திரும்பிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் மிகக் குறைவு. வலப்புறம் ஒரு பாடகர் கூட்டம், இடப்புறம் ஒன்று. வாத்தியமே கிடையாது. ஒரு தரப்பு ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ள, அதன் மேல் தலைமைப் பாடகர் கிரேக்கத்தில் ஏறி இறங்குகிறார். அந்த அடிச்சுரத்துக்கு 'இசோன்' என்று பெயர். தம்பூராவை மனிதத் தொண்டையால் மீட்டியது மாதிரி இருந்தது. பாட்டு சற்று நின்று மூச்சு வாங்கும்போதும் அது நிற்கவில்லை. கேட்க ஆள் இருக்கிறதா என்று அவர்கள் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆள் எப்படிக் குறைந்தது என்பது இந்த நகரத்தின் நூறாண்டுக் கதை. 1453இல் நகரைப் பிடித்த இரண்டாம் மெஹ்மத், சில மாதங்களிலேயே கெனாதியோசை முதுபெரும் தந்தையாக அமர்த்தினார். தலைமையிடம் முதலில் திருத்தூதர் ஆலயம். அது இருந்த இடத்தில் பிறகு ஃபாத்தி பள்ளிவாசல் எழுந்தது. அடுத்து பம்மகாரிஸ்டோஸ் ஆலயம், அதுவும் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளிவாசலானது. அங்கிருந்து எடுத்து வந்த 11ஆம் நூற்றாண்டு மொசைக் படிமம் ஒன்றைப் புனித ஜார்ஜ் ஆலயத்தில் பார்க்கலாம். 1600 வாக்கில் ஃபெனருக்கு வந்தார்கள். அதற்கு மேல் நகரவில்லை. அவர்களைச் சுற்றிக் கிரேக்க வணிகர்களும் அரசவை மொழிபெயர்ப்பாளர்களும் குடியேறினார்கள். அந்தக் குடும்பங்களிலிருந்து மொல்தாவியாவையும் வலாக்கியாவையும் ஆளச் சுல்தான்கள் ஆளெடுத்தார்கள்.

1923 லோசான் உடன்படிக்கையின்போது கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே மக்கள் பரிமாற்றம் நடந்தது. லட்சக்கணக்கானோர் பிறந்த ஊரை விட்டுப் போனார்கள். தலைமையகத்தையும் கிளப்பிவிடத் துருக்கி விரும்பியது. அரசியலில் தலையிடாமல் மத அலுவலை மட்டும் பார்ப்பது என்ற ஏற்பாட்டில் அது தங்கியது. இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கும் விலக்கு கிடைத்தது. அப்போது அவர்கள் லட்சம் பேருக்கு மேல். 1942இல் சிறுபான்மையினரை நசுக்கிய செல்வ வரி. 1955 செப்டம்பர் 6, 7 தேதிகளில் கும்பல்கள் கடைகளையும் ஆலயங்களையும் கல்லறைகளையும் உடைத்தன. 1964இல் சைப்ரஸ் தகராற்றைச் சாக்கிட்டு, கிரேக்கக் குடியுரிமை வைத்திருந்த ஏறத்தாழ 12,000 பேரை இருபது கிலோ சாமானோடு வெளியேற்றினார்கள். துருக்கியக் குடியுரிமை இருந்த மனைவி மக்கள் கூடவே போனார்கள். இன்று நகரில் இரண்டாயிரம், மூவாயிரம் பேர்தான் மிச்சம்.

இந்த நிலையில் ஏன் இங்கேயே இருக்கவேண்டும்? ஏதென்ஸுக்கோ ஜெனீவாவுக்கோ நியூயார்க்குக்கோ போயிருந்தால் பெரிய மாளிகையும் பாதுகாப்பும் கிடைத்திருக்கும். 1997இல் இந்த வளாகத்துக்குள் குண்டு எறிந்ததில் ஒரு திருத்தொண்டர் படுகாயமடைந்தார். அதற்குப் பிறகும் போகவில்லை. ஆர்த்தடாக்ஸ் மரபில் ஆயரின் அதிகாரம் ஆளைச் சார்ந்ததல்ல, ஊரைச் சார்ந்தது. கான்ஸ்டான்டிநோபிளுக்கு ரோமுக்கு அடுத்த மதிப்பு என்று அதே கால்செதோன் சங்கம் எழுதி வைத்தது இந்த நகரத்தை முன்வைத்துத்தான். நகரை விட்டால் அந்த மதிப்பு காகிதத்தோடு சரி. அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். மக்கள் போன பிறகும் வழிபாட்டு மணி தவறாமல் நடத்துவதை வீம்பு என்று சிலர் சொல்லலாம். போனவர்களின் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்து நிற்க ஓர் இடம் வேண்டாமா?

அதற்கான விலை பெரியது. முதுபெரும் தந்தை துருக்கியக் குடிமகனாக இருந்தாக வேண்டும். தேர்தலுக்கு முன் பெயர்ப் பட்டியல் அரசிடம் போகும். வேண்டாத பெயரை அரசு அடித்துவிடலாம், 1972இல் அடித்தும் இருக்கிறது. 'அனைத்துலக' என்ற பட்டத்தைத் துருக்கியின் உச்ச நீதிமன்றம் 2007இல் ஏற்க மறுத்தது. அந்தத் தீர்ப்பின்படி அவர் உள்ளூர்க் கிரேக்கச் சிறுபான்மையின் தலைவர், அவ்வளவே. இப்போதிருக்கும் பர்த்தலோமேயு 1940இல் இம்ப்ரோஸ் தீவில் பிறந்தவர், 1991 முதல் பொறுப்பில் இருக்கிறார். காற்றையும் கடலையும் கெடுப்பது பாவம் என்று மேடைதோறும் சொல்லி 'பச்சை முதுபெரும் தந்தை' என்று பெயரெடுத்தவர்.

கையளவு முற்றத்துக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்பதை 2019 ஜனவரியில் உலகம் பார்த்தது. உக்ரைன் சபைக்குத் தன்னாட்சி வழங்கும் ஆணையில் பர்த்தலோமேயு கையெழுத்திட்டது இந்தப் புனித ஜார்ஜ் ஆலயத்தில்தான். இந்த முடிவை எதிர்த்து மாஸ்கோ சபை அதற்கு முன்பே, 2018 அக்டோபரில், உறவை முறித்துக்கொண்டது. ஆர்த்தடாக்ஸ் உலகில் போப் கிடையாது, இவர் சமமானவர்களுள் முதல்வர் மட்டுமே. ஆனால் ஒரு கையெழுத்து, கோடிக்கணக்கானவர்கள் எந்தப் பெயரை வழிபாட்டில் சொல்வது என்பதைப் புரட்டிப் போட்டது. அவர் செய்தது சரியா என்று சபைகளுக்குள் இன்னும் வாதம் ஓயவில்லை. தங்கள் ஆலயத்தில் அயல் ஆட்சிக்காக வேண்டிக்கொள்ள மறுத்த மக்களுக்கு ஒரு கதவு திறந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதைவிட எனக்குப் பிடித்தது இந்த முற்றத்தில் நடக்கும் இன்னொரு வேலை. ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை, புனித வாரத்தில், இங்கே செப்புக் கொப்பரைகளை ஏற்றி மூரோன் தைலம் காய்ச்சுகிறார்கள். ஆலிவ் எண்ணெய், திராட்சை ரசம், லவங்கப்பட்டை, பன்னீர்ப்பூத் தைலம் என்று 57 சேர்மானங்கள். திங்கள் முதல் புதன் வரை காய்ச்சி, பெரிய வியாழனன்று மந்திரித்து, பல நாட்டுச் சபைகளுக்கு அனுப்புகிறார்கள். உலகின் எந்தெந்த மூலையிலோ திருமுழுக்குப் பெறும் குழந்தையின் நெற்றியில் படும் எண்ணெய் இந்த ஊர் அடுப்பில் கொதித்தது.

வெளியே வந்து மேட்டில் ஏறினேன். நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு பூசிய வீடுகள், புதிய காபிக் கடைகள், அவற்றுக்கு நடுவே துணி காயும் பழைய சந்துகள். கிரேக்கர்கள் விட்டுப்போன வீடுகளில் கருங்கடல் பக்கத்திலிருந்தும் அனதோலியாவிலிருந்தும் வந்த ஏழைகள் குடியேறினார்கள். இப்போது வாடகை ஏறி, அவர்களும் கிளம்பும் முறை. செங்கல் பள்ளியின் கதவு மூடியிருந்தது. நகரம் வீழ்ந்த மறு ஆண்டே, 1454இல் தொடங்கியதாகக் கணக்குச் சொல்லும் பள்ளி அது. 1880களில் எழுப்பிய அந்த மாபெரும் கட்டடத்துக்குள் இன்று படிப்பது சில டஜன் பிள்ளைகள். அதன் அருகிலேயே 'மங்கோலியரின் மரியாள்' ஆலயம். பைசாந்தியப் பேரரசர் எட்டாம் மிக்கேலின் மகள் மரியா, மங்கோலியக் கான் ஹுலாகுவுக்கு மணமுடிக்க அனுப்பப்பட்டு, அவர் இறந்துவிட, அவருடைய மகன் அபாகாவை மணந்து, கணவன் போன பிறகு ஊர் திரும்பி இந்த மடத்தைப் பேணியவள். இஸ்தான்புல்லில் பள்ளிவாசலாக மாறாமல், தொடர்ந்து ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டிலேயே இருந்துவரும் ஒரே பைசாந்திய ஆலயம் இதுதான். இப்படியே விட்டுவிடுமாறு மெஹ்மத் தந்த ஆணையைச் சுட்டிக்காட்டித்தான் அதைக் காத்தார்கள்.

ஃபெனரின் கதையை மேலும் கேட்க ஹெய்பெலியாடா தீவுக்குப் போகவேண்டும். மர்மாராக் கடலில் கிடக்கும் அந்தத் தீவின் உச்சியில், பைன் மரங்களுக்கு நடுவே, ஹால்கி குருமடம். 1844இல் தொடங்கியது. பர்த்தலோமேயு உட்படப் பல முதுபெரும் தந்தையர் படித்த இடம். தனியார் உயர்கல்வியை அரசின் கீழ்க் கொண்டுவந்த சட்டத்தால் 1971இல் மூடினார்கள். அங்கே படித்துக் குருவானவர்களில் மிக இளையவருக்கும் இன்று எழுபதுக்கு மேல். துருக்கி மண்ணில் ஒரு குருவைப் பயிற்றுவிக்க வேறு இடம் இல்லை. 2010க்குப் பின் வெளிநாட்டு ஆயர்கள் சிலருக்குத் துருக்கி குடியுரிமை கொடுத்ததால் அடுத்த தேர்தலுக்கு ஆள் இருக்கிறது. பயிற்சி மட்டும் இல்லை. ஒவ்வொரு முறை ஆட்சியாளர்கள் வாக்குக் கொடுக்கும்போதும் செய்தி வருகிறது, பிறகு பேச்சு அடங்குகிறது. நான் போனபோது கட்டடத்தில் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. எரிந்த மாளிகைக்கு 46 ஆண்டு காத்தவர்கள் இந்தப் பள்ளிக்கு அதைவிடக் கூடுதலாகவே காத்துவிட்டார்கள். திறக்கும் தேதி கையில் இல்லாமலே கூரையை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.